விலாசம் மாறிய ஃபோல்டர்

அல்சூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாகச் செய்யும் மூன்று காரியங்களான வாக்கிங், கோயில், பேப்பர் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் நாலாவதாக ஒன்றை எடுத்துக்கொண்டார். அப்பாவின் டயரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது.

அப்பா கோலார் தங்க வயலில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். 1960லிருந்து வருஷத்துக்கு ஒரு நோட்டு என்று 41 நோட்டுகள் எழுதியிருக்கிறார். ஷிப்ட் நேரம், அரிசி விலை, சீட்டுப் பணம், சுரங்கத்தில் பாறை வெடித்து யார் போனார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது எல்லாம் பென்சிலில். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடிய அன்று கடைசி நோட்டின் பின்னட்டையில் நாலு வரி எழுதிவிட்டு நிறுத்திவிட்டார். நோட்டுகள் டிரங்குப் பெட்டியில் பெங்களூருக்கு வந்தன. மேலே இருந்தவை பிழைத்தன. அடியில் இருந்த பழைய நோட்டுகளைக் கரையான் கண்டுபிடித்துவிட்டது.

நண்பர் அவசர அவசரமாக ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, படத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பேக்கப் எடுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தொழிற்சாலையில் ஸ்பேர் பார்ட்ஸ் பிரிவில் இருந்தவர். அக்கா மகன் ஒருவன் வந்து ஒரு சின்னக் கட்டளை ஃபைல் எழுதிக்கொடுத்தான். தினமும் ராத்திரி 11 மணிக்கு டாக்குமெண்ட்ஸில் உள்ள 'அப்பா' என்ற ஃபோல்டர் அப்படியே வெளி ஹார்டு டிஸ்கில் நகலாகும். இரண்டு வருஷம் ஒழுங்காக நடந்தது.

ஒரு டிசம்பரில் சி டிரைவ் நிரம்பிவிட்டது. புதிதாக இரண்டாவது ஹார்டு டிஸ்க் ஒன்றைப் போட்டு, 'அப்பா'வை அதற்கு மாற்றினார். அன்று ராத்திரி 11 மணிக்குக் கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்து, ஃபோல்டரைக் காணவில்லை என்று சொன்னது. மறுநாளும் சொன்னது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சர்வீஸ் பையனைக் கூப்பிட்டார்.

பையன் வந்து பார்த்தான். "ஒண்ணுமில்ல சார், இந்த எடத்துல அப்பான்னு ஒரு ஃபோல்டர் இருக்கணும்னு எதிர்பார்க்குது. இல்ல. அதான் கத்துது" என்றான். டாக்குமெண்ட்ஸில் 'அப்பா' என்று புதிதாக ஒரு காலி ஃபோல்டர் செய்தான். அன்று ராத்திரி கறுப்பு ஜன்னல் திறந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நண்பர் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த ராத்திரிதான் அவருடைய பேக்கப் முழுக்க அழிந்தது.

ஏப்ரலில் பெங்களூருக்கே உரிய இடிமழை ஒன்று வந்தபோது புது ஹார்டு டிஸ்க் போனது. "பேக்கப் இருக்கே" என்று வெளி டிஸ்கை எடுத்துச் சொருகினார். 'அப்பா' இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. எனக்கு போன் செய்தபோது அவர் பேசிய முதல் வாக்கியம், "சார், ஃபோல்டர் இருக்கு, உள்ள அப்பா இல்ல."

அவர் செய்த தப்பு என்ன? பேக்கப் எடுக்காதவர்களை நாம் திட்டலாம். இவர் எடுத்தவர். தப்பு வந்தபோது கவனித்தவர். ஆள் கூப்பிட்டுச் சரி செய்தவர். அப்படியும் போய்விட்டது. இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நம் எல்லோருக்கும் நல்லது. ஏனென்றால் ஃபோல்டரை இடம் மாற்றாதவர்கள் யாருமில்லை.

பேக்கப் புரோகிராமுக்கு உங்கள் ஃபைல்களைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் விலாசங்கள்தான். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஜெயநகர், இத்தனாவது பிளாக், இத்தனாவது மெயின், இத்தனாவது கிராஸ், கதவு எண். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலுக்குப் போகும் வழியும் இதே மாதிரிதான். டிரைவ், அதற்குள் யூஸர், அதற்குள் டாக்குமெண்ட்ஸ், அதற்குள் 'அப்பா'. பேக்கப் புரோகிராம் ஒரு தபால்காரர். நீங்கள் இந்திரா நகருக்குக் குடிபோய்விட்டால் அவருக்குத் தானாகத் தெரியாது. பழைய வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பார். பதில் இல்லாவிட்டால் 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அதுதான் நாம் பார்க்கும் எரர்.

விண்டோஸில் இந்த எரர் பெரும்பாலும் இரண்டு எண்களில் வரும். முன்னால் ஒரு பூஜ்யமும் எக்ஸும் போட்டு 80070002, அல்லது 80070003. பார்க்கப் பயமாக இருக்கும். முன்பக்கத்து 8007 என்பது 'இது விண்டோஸின் சாதாரணப் பிழைகளில் ஒன்று' என்பதற்கான முத்திரை மட்டும். கடைசி இலக்கம்தான் விஷயம். 2 என்றால் 'சொன்ன ஃபைலைக் காணவில்லை'. 3 என்றால் 'சொன்ன வழியையே காணவில்லை'. கிராஸ் வரை வந்தேன், வீடு இல்லை என்பது 2. கிராஸே இல்லையே என்பது 3.

இந்த இரண்டு எண்களுக்கும் வயது 40க்கு மேல். 1981ல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் என்ற சங்கதியே கிடையாது. எல்லா ஃபைலும் ஒரே திண்ணையில் படுத்துக்கிடந்தன. 1983ல் ஐபிஎம் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்கோடு கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தபோது, அதனுடன் வந்த டாஸ் 2.0ல்தான் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்தது. 'வழி' என்று ஒன்று வந்ததும் 'வழி தவறியது' என்ற பிழையும் கூடவே வந்தது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே 2, அதே 3. பெயர்ப் பலகைகள் மாறினாலும் பழைய பெயரைச் சொல்லியே ஆட்டோ பிடிக்கும் ஊர்க்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே எரர் வந்தால் அது கெட்ட செய்தி அல்ல. தபால்காரர் நேர்மையானவர் என்று அர்த்தம். கெட்டது அவர் எதுவும் சொல்லாமல் இருப்பது. அதில் மூன்று வகை உண்டு.

முதல் வகை: பழைய வீடு இன்னும் இருக்கிறது, ஆனால் நீங்கள் அங்கே இல்லை. மௌஸால் ஒரு ஃபோல்டரை இழுத்துப் போடும்போது, ஒரே டிரைவுக்குள் என்றால் விண்டோஸ் அதை நகர்த்திவிடும். வேறு டிரைவுக்கு என்றால் நகல் எடுக்கும், மூலம் பழைய இடத்திலேயே இருக்கும். இது பலருக்குத் தெரியாது. ஃபோல்டரை மாற்றிவிட்டோம் என்று நினைத்துப் புதிய இடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள். பேக்கப் பழைய நகலைத் தினமும் பத்திரமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கும். எரர் வராது. 'வெற்றி' என்று பச்சை டிக் வரும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் ஆறு மாதத்துக்கு முந்தைய உங்களைச் சந்திப்பீர்கள்.

இரண்டாம் வகை: புதிய வீடு பட்டியலிலேயே இல்லை. டி டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் செய்து கல்யாணப் புகைப்படங்களைப் போடுகிறீர்கள். பேக்கப்பை அமைத்த நாளில் அந்த ஃபோல்டர் பிறக்கவில்லை. அதற்கு யாரும் தகவல் சொல்லவுமில்லை.

மூன்றாம் வகைதான் என் நண்பருக்கு நேர்ந்தது. அக்கா மகன் எழுதிக்கொடுத்த கட்டளை, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி. நல்ல, திறமையான வேலையாள். அதில் 'மிரர்' என்று ஒரு உத்தரவு உண்டு. மூலத்தில் இருப்பதெல்லாம் நகலில் இருக்க வேண்டும். மூலத்தில் இல்லாதது நகலிலும் இருக்கக் கூடாது. கண்ணாடி அப்படித்தானே? முன்னால் ஆள் நின்றால் ஆளைக் காட்டும், ஆள் போய்விட்டால் வெறும் சுவரைக் காட்டும். மூல ஃபோல்டரே காணாமல் போனபோது ரோபோகாப்பி வேலை செய்ய மறுத்து எரர் கொடுத்தது. நாலு நாள் அவருடைய அப்பாவைக் காப்பாற்றியது அந்த எரர்தான். பையன் காலி ஃபோல்டர் ஒன்றைச் செய்து வைத்ததும் ரோபோகாப்பிக்கு விலாசம் கிடைத்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தது, ஒன்றுமில்லை. கண்ணாடியையும் அப்படியே காலி செய்தது. சொன்னதைச் செய்தது.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சத்தத்தை நிறுத்தக் கூப்பிட்டார்கள், நிறுத்தினான். 'அதே பெயரில் ஒரு ஃபோல்டர் செய்துவிடுங்கள்' என்பது சில பேக்கப் புரோகிராம்களுக்குச் சொல்லப்படும் நிஜமான வைத்தியம்தான். விண்டோஸ் 7ன் பேக்கப்பில், இல்லாத ஒரு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரைத் தேடி 80070002 என்று முனகும்போது இதைத்தான் செய்வார்கள். அங்கே அழிவு இல்லை. மிரர் முறையில் அதே வைத்தியம் விஷம். மருந்து ஒன்றுதான், நோயாளி வேறு.

பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2018 அக்டோபர் 2ம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு 1809 என்ற எண்ணிட்ட மேம்பாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய மேம்பாட்டுக்குப் பின், டாக்குமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தவர்களுக்குப் பழைய இடத்தில் அதே பெயரில் காலி ஃபோல்டர்கள் முளைக்கின்றன என்று புகார் வந்திருந்தது. சரி, அவற்றை நீக்கிவிடலாம் என்று புதிய மேம்பாட்டில் ஏற்பாடு செய்தார்கள். பழைய ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் சிலர் விலாசத்தை மட்டும் மாற்றிவிட்டு, பழைய ஃபைல்களைப் பழைய இடத்திலேயே விட்டிருந்தார்கள். மேம்பாடு பழைய வீட்டைச் சாமான்களோடு இடித்துவிட்டது. புகைப்படம், பாட்டு, ஆவணம் எல்லாம் போனது. புகார் பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்றது மைக்ரோசாஃப்ட். அந்த ஒருவருக்கு அது நூற்றுக்கு நூறு. சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பர் 13ல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். வெளியீட்டுக்கு முன்பே சோதனை பார்த்த சிலர் இந்தக் கோளாறை எழுதியிருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஆயிரக்கணக்கான குறிப்புகளுக்கு நடுவே அது யார் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகு, புகார் எழுதுபவர் அது எவ்வளவு தீவிரமானது என்று குறிப்பிடவும் வசதி செய்தார்கள்.

இன்னொன்று 2017 ஜனவரி 31. புரோகிராமர்கள் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனம். ராத்திரி வேலையில் களைத்துப் போயிருந்த ஒரு இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் இருந்த ஃபோல்டரை அழித்தார். சுதாரிப்பதற்குள் 300 கிகாபைட் அளவில் இருந்தது நாலரை கிகாபைட் ஆகிவிட்டது. பேக்கப்பைத் தேடினால், தினசரி பேக்கப் வெகுநாளாகவே எடுக்கப்படவில்லை. டேட்டாபேஸ் ஒரு பதிப்பில் இருந்தது, நகல் எடுக்கும் புரோகிராம் வேறு பதிப்பில் இருந்தது. ஒவ்வொரு முறையும் எரர் வந்தது. எரரைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போயின. அவை வழியிலேயே திருப்பப்பட்டுவிட்டன. தபால்காரர் கத்தியிருக்கிறார், யார் காதுக்கும் எட்டவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து வேலை திரும்பவில்லை. நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே சொன்னார்கள். அது பெருமைக்குரிய விஷயம்.

இனி நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். பேக்கப் எரர் வந்தால் என்ன செய்வது?

முதலில் எரரை மூடாதீர்கள், படியுங்கள். எந்த ஃபோல்டரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று முழு விலாசத்தோடு எங்காவது எழுதியிருக்கும். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14ல் முடிந்துவிட்டாலும், அதன் பேக்கப் இன்னும் விண்டோஸ் 10, 11 இரண்டின் கன்ட்ரோல் பேனலிலும் அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது. பலர் உபயோகிக்கிறார்கள். அதில் விட்டுப்போன ஃபைல்களின் பட்டியலைத் திறந்து பார்க்கலாம். விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃபோல்டர் எங்கே போனது என்று தேடுங்கள். ஃபோல்டர் பெயரால் தேடாதீர்கள். அதற்குள் இருந்த, வேறெங்கும் இருக்க முடியாத ஒரு ஃபைலின் பெயரால் தேடுங்கள். பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில் ஒன்றில் அகப்படும்.

ஒன்று, பக்கத்து ஃபோல்டர். கை நடுங்கி மௌஸ் வழுக்கி உள்ளே போயிருக்கும். அப்போதே கவனித்தால் கன்ட்ரோலும் இஸட்டும் அழுத்தினால் திரும்பிவிடும்.

இரண்டு, ஒன்டிரைவ். 'உங்கள் ஃபோல்டர்களைப் பாதுகாக்கட்டுமா?' என்று கேட்டதற்கு யோசிக்காமல் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அதன் பிறகு உங்கள் டாக்குமெண்ட்ஸின் நிஜ விலாசம் ஒன்டிரைவ் ஃபோல்டருக்கு உள்ளே போய்விடும். பெயர் அதே, வீடு வேறு. டாக்குமெண்ட்ஸை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பக்கத்தைத் திறந்தால் உண்மை தெரியும். இன்னொன்று. ஒன்டிரைவில் சில ஃபைல்கள் பெயரளவில் மட்டும் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும், சரக்கு தூரத்து சர்வரில் இருக்கும். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி அவற்றைப் பேக்கப் எடுக்காது. கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்தவற்றை மட்டும்தான் எடுக்கும்.

மூன்று, டிரைவ் எழுத்து. போன வாரம் ஈ என்று வந்த வெளி டிஸ்க், இன்று ஒரு பென்டிரைவ் முதலில் சொருகியிருந்ததால் எஃப் என்று வரும். பேக்கப் ஈயைத் தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் போய், அதற்கென்று அகர வரிசையின் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். ரயிலில் ரிசர்வேஷன் மாதிரி.

நான்கு, போய்விட்ட பழைய யூஸர். பையன் வெளிநாடு போனதும் அவன் ஃபோல்டரை அழித்திருப்பீர்கள். விண்டோஸின் பதிவேட்டில் அவன் பெயர் இன்னும் இருக்கும். பேக்கப் அவனைத் தேடும். யூஸரை நீக்குவதென்றால் செட்டிங்ஸ் வழியாக நீக்க வேண்டும். பதிவேட்டில் கை வைப்பது தெரிந்தவர்கள் வேலை. அதுவும் பதிவேட்டை ஒரு பிரதி எடுத்துக்கொண்ட பிறகு.

ஐந்து, தமிழ்ப் பெயர். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைப்பதில் இன்று எந்தத் தடையும் இல்லை. ஆனால் பழைய பாணிக் கட்டளை ஃபைல்களில் சில அதைக் கேள்விக்குறிகளாகப் படித்துவிட்டு வழி தெரியவில்லை என்று நிற்கும். அக்கா மகன் இது தெரிந்து 'அப்பா'வை ஆங்கில எழுத்தில்தான் வைத்திருந்தான்.

ஃபோல்டர் கிடைத்தால் இரண்டு வழி. பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோகலாம். அல்லது பேக்கப்பின் அமைப்பில் பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம். இரண்டும் சரி. சரியில்லாத மூன்றாவது வழி, எரர் வாயை மூடுவதற்காகக் காலி ஃபோல்டர் செய்வது. உங்கள் பேக்கப் மிரர் வகையா, சேர்த்துக்கொண்டே போகும் வகையா என்று தெரியாதவரை அந்தப் பக்கம் போகாதீர்கள். எதைத் தொடுவதற்கு முன்னும் வெளி டிஸ்கைக் கழற்றி வையுங்கள். கழற்றி வைத்த டிஸ்கை எந்தக் கட்டளையும் அழிக்க முடியாது.

அதன் பிறகு எல்லோரும் மறக்கும் கடைசிப் படி. பேக்கப்பிலிருந்து ஒரு பழைய ஃபைல், நேற்றைய ஃபைல் ஒன்று, இரண்டையும் வேறொரு இடத்துக்கு மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். படம் என்றால் படம் தெரிய வேண்டும். எழுத்து என்றால் படிக்க வர வேண்டும். பச்சை டிக் என்பது புரோகிராம் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க். திறந்து பார்ப்பதுதான் பரீட்சை. மாதம் ஒருமுறை, கரன்ட் பில் கட்டும் நாளில் செய்தால் மறக்காது.

புகைப்படக்காரர்களிடையே மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. கடைசி எண்ணை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். 2022 செப்டம்பர் 5ம் தேதி பெங்களூரில் அவுட்டர் ரிங் ரோடும் எமலூரும் வெள்ளத்தில் மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனதை எல்லோரும் பார்த்தோம். ஒரே மேஜையில் கம்ப்யூட்டரும் பேக்கப்பும் அருகருகே இருந்தால் தண்ணீருக்கும் இடிக்கும் திருடனுக்கும் அது ஒரே பொருள்தான்.

நண்பர் கதைக்கு வருகிறேன். வெளி டிஸ்கை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டில் ஃபைல் மீட்கும் ஒருவரிடம் போனோம். சுழலும் தட்டு வகை டிஸ்கில் அழித்த ஃபைல் உடனே மறைவதில்லை. அதன் இடம் 'காலி' என்று குறிக்கப்படும், வேறு ஃபைல் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே கிடக்கும். அதனால்தான் அழிந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த டிஸ்கில் எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட வேண்டும். இவர் விஷயத்தில் நாலு மாதம் ஓடிவிட்டது. நடுவில் பேத்தியின் பிறந்தநாள் வீடியோக்களை அதே டிஸ்கில் போட்டிருந்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ஆனாலும் வாலில் கொஞ்சம் வந்தது.

பெரிய உதவி வேறு திசையிலிருந்து வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு திருப்பத்தூரில் இருக்கும் தங்கைக்கு, "அப்பா எழுத்து, நீயும் பாரு" என்று ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். பேக்கப் என்று நினைத்துக் கொடுக்கவில்லை, பாசத்தில் கொடுத்தது. அந்த அம்மாள் அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியின் மேலேயிருந்து ஆரம்பித்ததால் 2000லிருந்து பின்னோக்கி 1971 வரை 30 நோட்டுகள் அதில் முழுசாக இருந்தன. சுரங்கம் மூடிய நாளின் நாலு வரியும் இருந்தது.

மிச்சம் 1960 முதல் 1970 வரை, அடியில் இருந்த 11 நோட்டுகள். அவற்றில் ஆறு காகிதமாகவே இன்னும் தேறின. மறுபடி உட்கார்ந்து படமெடுத்தார். மூன்று, எஸ்.பி. ரோட்டு டிஸ்கிலிருந்து பெயரில்லாத படங்களாக வந்தன. பக்க வரிசையை ஷிப்ட் தேதிகளை வைத்துப் பிடித்தார். இரண்டு நோட்டுகள் கரையானிடமும் இல்லை, டிஸ்கிலும் இல்லை. 1965ம், 1962ம்.

இப்போது அவர் வீட்டில் 'அப்பா' மூன்று இடத்தில் இருக்கிறார். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று, மாதம் ஒருமுறை மட்டும் வெளியே வரும் டிஸ்கில். ஒன்று திருப்பத்தூரில், புடவைக்கு அடியிலேயே. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தங்கை வரும்போது பென்டிரைவ் கூட வரும், புதுப்பித்துக்கொண்டு திரும்பிப் போகும். கம்ப்யூட்டர் மேஜையின் மேல் ஒரு அட்டையில், எந்த ஃபோல்டர் எந்த இடத்தில் என்று பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறார். இடம் மாற்றினால் முதலில் அட்டையில் மாற்றுகிறார்.

போன வாரம் போயிருந்தேன். ராத்திரி பேக்கப்பில் ஏதோ எரர் வந்ததாம். "ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "யாரோ முழிச்சுக்கிட்டிருக்காங்கன்னு அர்த்தம்." எரரைப் படித்து, அட்டையைப் பார்த்து, டிரைவ் எழுத்து மாறியதைத் தானே கண்டுபிடித்திருந்தார்.

1962 நோட்டைப் பற்றிக் கேட்டேன். அது அவர் பிறந்த வருஷம். படமெடுக்கும்போது அந்தத் தேதியைத் தேடிப் பார்த்தீர்களா என்றேன்.

"பார்த்தேன் சார். தட்டச்சு பண்ணும்போது நிதானமா படிக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.